லாண்டரி மேடம் லேப்டாப் வாங்கிய கதை

எழுபது அறைகள் கொண்ட அந்த ஹோட்டலின் கீழ்த்தளத்தில், சலவைப் பிரிவுக்கு இருபத்தெட்டு வருடமாக அவர்தான் தலைவி. வரவேற்பில் நிற்பவர்கள் முதல் பெட்டி தூக்குபவர்கள் வரை எல்லாருக்கும் அவர் லாண்டரி மேடம். மேடத்துக்கு மற்ற எல்லாரும் ஒன்றுக்கும் உதவாத ஜென்மங்கள். மேனேஜர் பாத்ரூம் துண்டுக்கும் முகம் துடைக்கும் துண்டுக்கும் வித்தியாசம் தெரியாமலே ஓய்வு பெறப்போகிறவர். சமையல்காரர் மேஜை விரிப்பில் கை துடைக்கிற பிறவி. விருந்தாளிகளைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். ஒருவர் படுத்து எழுந்த விரிப்பைப் பார்த்தால் போதும், அவரை வீட்டில் எந்த லட்சணத்தில் வளர்த்திருக்கிறார்கள் என்று மேடம் சொல்லிவிடுவார். அவர் சொன்னதைச் சரிபார்க்க வழியில்லை என்பதால் அது எப்போதும் சரியாகவே இருந்தது.

விரிப்பு விற்கும் வியாபாரிகள் அவரைப் பார்க்க வரும்போது வாசலிலேயே ஒருமுறை சாமியைக் கும்பிட்டுக்கொள்வார்கள். இத்தனை நூல், இன்ன ரகம் என்று லேபிளில் அச்சடித்துக்கொண்டு வருவார்கள். மேடம் லேபிளைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். விரிப்பை மடித்து உள்ளங்கையில் வைத்துக் கனம் பார்ப்பார். பிறகு ஒரு மூலையை நனைத்து, முறுக்கி, சூடான டிரையருக்குள் போட்டு எடுப்பார். கனம் இல்லாத துணி ஏமாற்றுத் துணி என்பது அவர் சித்தாந்தம். "லேபிள் எழுதினவன் வேற, துணி நெய்தவன் வேற," என்று சொல்லி அனுப்பிவிடுவார். துணி விஷயத்தில் அவர் தோற்றதே இல்லை. தலைக்கனம் ஏறியதற்கு அதுவும் ஒரு காரணம்.

கீழ்த்தளத்தில் ஆறு சலவை எந்திரங்களும் நான்கு டிரையர்களும் காலையிலிருந்து ஓயாமல் ஓடும். புதிதாக வேலைக்குச் சேர்பவர்கள் முதல் வாரம் காதில் பஞ்சு வைத்துக்கொள்வார்கள். மேடத்துக்கு அவர்களையும் பிடிக்காது. வேலைக்கு வந்த இடத்தில் என்ன பஞ்சு, என்ன சொகுசு என்பார். அதைவிட அவருக்கு எரிச்சல் மூட்டுவது, இந்தக் காலத்து ஆட்கள் வாயைத் திறந்து பேசுவதே இல்லை என்பது. பல்லுக்குள் முணுமுணுத்தால் யாருக்குப் புரியும். நான்கு தடவை கேட்டுக்கொண்டிருக்க மேடத்துக்கு நேரமில்லை. அதனால் எதிரில் நிற்பவரின் உதடு அசைந்து ஓய்ந்ததும், "சரி, சரி, அப்படியே செய்" என்று முடித்துவிடுவார். இந்த வழியில் இரண்டு பேர் எக்கச்சக்கமாக லீவு வாங்கியிருக்கிறார்கள். அவர்கள் திரும்பி வந்தபோது மேடத்திடம் கிடைத்த வசவு தனி.

இப்படி உலகத்தையே கால் தூசுக்குச் சமமாக மதித்தவருக்கு ஒரே ஒரு இடத்தில் மட்டும் அந்த வித்தை பலிக்கவில்லை. அது அவர் பெற்ற ஒரே மகள்.

மகள் வேறு ஊரில் வேலை பார்க்கிறாள். ஆறு வருடத்துக்கு முன்னால் அங்கேயே ரெஜிஸ்டர் ஆஃபீசில் கல்யாணம் செய்துகொண்டாள். "பெத்தவளுக்கு ஒரு வார்த்தை சொல்லல. நான் என்ன செத்தா போயிட்டேன்?" என்பது மேடத்தின் கட்சி. "சொன்னேன். வரேன்னு சொல்லிட்டு வராம இருந்தது நீ," என்பது மகளின் கட்சி. இரண்டு பேரும் அடுத்தவர் வாய் கூசாமல் பொய் சொல்வதாகவே நம்பினார்கள். மாப்பிள்ளையை மேடம் இன்றுவரை "அந்த ஆளு" என்றுதான் குறிப்பிடுகிறார். போனில் பேச ஆரம்பித்தால் மூன்றாவது நிமிடம் யாராவது ஒருவர் துண்டித்துவிடுவார். மகள் ஒன்று கேட்பாள், அம்மா வேறொன்றுக்குப் பதில் சொல்வார், அங்கிருந்து பற்றிக்கொள்ளும்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் மகளே சலித்துப்போய் ஒரு செய்தி அனுப்பினாள். கூடவே ஒரு கேமின் லிங்க். 'பேச வேண்டாம். விளையாடலாம்.' இரண்டு பேர் சேர்ந்து தோட்டம் போடுகிற விளையாட்டு அது. நிலத்தைக் கொத்த வேண்டும், விதைக்க வேண்டும், கிணறு வெட்ட வேண்டும், மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வேண்டும். வரவேற்பில் கழித்துப்போட்ட ஒரு பழைய லேப்டாப்பும் இரண்டு வயர் தொங்கும் ஒரு ஹெட்செட்டும் மேடத்திடம் இருந்தன. முதல் நாளே விளையாட்டை அவர் காறித் துப்பினார். கத்தரிக்காய் நான்கு நாளில் காய்க்கிறதாம். கொடியில் சட்டையைத் தோளில் கிளிப் போட்டுக் காயவைத்திருக்கிறார்கள், தழும்பு விழாதா. மகள் அதற்குச் சிரித்தாள். அவள் சிரித்து மேடம் கேட்டு எத்தனையோ காலம் ஆகியிருந்தது.

அன்றிலிருந்து சனிக்கிழமை மாலை நாலு மணி என்றால் நாலு மணி. ஹெட்செட்டை மாட்டிச் சத்தத்தைக் கடைசிவரை ஏற்றிவைத்தால் மகள் காதுக்குள்ளேயே உட்கார்ந்து பேசுவாள். ஒரு சொல் தப்பாது. வாய்க்காலை எந்தப் பக்கம் திருப்புவது என்பதில் ஆரம்பித்து, மகளின் முதுகுவலி, அலுவலகத்துச் சண்டை என்று பேச்சு எங்கெங்கோ போகும். ஒரு தடவைகூட அடித்துக்கொண்டதில்லை. எல்லாம் அந்தத் தோட்டத்தின் மகிமை என்று மேடம் நினைத்தார்.

அந்த லேப்டாப்தான் ஒரு சனிக்கிழமை வாய்க்கால் பாதி வெட்டியிருக்கும்போது உயிரை விட்டது. திரை கறுத்தது, பிறகு எந்தப் பட்டனை அமுக்கியும் அசைய மறுத்தது. பத்து நிமிடம் கழித்து மகளிடமிருந்து போனில் செய்தி வந்தது. மேடம் நடந்ததை எழுதினார். பதில் இப்படி இருந்தது: 'அடுத்த சனி பாக்கிறேன். வரலன்னா விட்டுடலாம்மா. உனக்காகக் காத்துக்கிட்டு நிக்கிறது எனக்கு ஒண்ணும் புதுசில்ல.'

மேடத்துக்குச் சுர்ரென்று ஏறியது. பெற்றவளுக்கே கெடு வைக்கிறாள். ஆனால் திருப்பி ஒரு வார்த்தை எழுதவில்லை. அந்தச் சனிக்கிழமை ஒரு மணி நேரமும் போனால் மகளே போய்விடுவாள் என்று அவருக்குத் தெரியும். அவருக்குப் பயமாக இருந்தது. பயத்தை அவருக்குக் காட்டத் தெரியாது என்பதால் வாரம் முழுக்க எல்லாரையும் கடித்துக் குதறினார்.

லேப்டாப் என்றால் குடும்பத்தில் ஒரே அத்தாரிட்டி அவருடைய தம்பிதான். இன்சூரன்ஸ் ஆஃபீசில் குமாஸ்தா. ஒரு லேப்டாப் வாங்க வேண்டும் என்று ஒன்பது வருடமாக ஆராய்ச்சி செய்துகொண்டிருக்கிறார். இன்னும் வாங்கவில்லை. ஒவ்வொரு வருடமும் அடுத்த வருடத்துச் சிப் இதைவிட நன்றாக இருக்கும் என்று கேள்விப்படுவார், தள்ளிப்போடுவார். மேடம் ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போனபோது தம்பி சோபாவில் சம்மணமிட்டு, மடியில் அலுவலகத்து லேப்டாப்பை வைத்துக்கொண்டு, ஓர் அட்டவணையைத் திறந்தார். இருபத்துமூன்று பத்தி.

"அக்கா, உன் பட்ஜெட் என்ன?"

"ரெண்டு மாசச் சம்பளம். அதுக்கு மேல ஒரு காசு கிடையாது."

"கேம் ஆடணும், ஆனா பெரிய கேம் இல்ல. அப்படித்தானே?"

"தோட்டம்டா. மாடு, கன்னு, கத்தரிக்கா."

"அதுக்குத் தனியா கிராபிக்ஸ் கார்டே வேண்டாம்க்கா. பதினாறு ஜிபி ரேம், எஸ்எஸ்டி, நல்ல கீபோர்டு. மெலிசா ஒண்ணு எடுத்தாப் போதும். எனக்கு ரெண்டு வாரம் டைம் குடு, நான் பிரிச்சு மேஞ்சு சொல்றேன்."

"எனக்கு ஆறு நாள்தான் இருக்கு. நீ பிரிச்சு மேயறதுக்குள்ள என் மாடு செத்துரும்."

தம்பி முகம் சுருங்கியது. குனிந்து, அட்டவணையைப் பார்த்தபடியே, பதினெட்டாவது பத்தியைப் பற்றி இன்னும் ஏதோ நாலைந்து வாக்கியம் சொன்னார். உதடு ஓய்ந்ததும் மேடம், "சரி, சரி, அப்படியே செய்யலாம்," என்று எழுந்துவிட்டார். வழியெல்லாம் அவருக்கு ஏளனம் தாங்கவில்லை. ஒன்பது வருடம் படித்துவிட்டு மெலிசா வாங்கு என்கிறான். மெலிசு. அதைச் சொல்ல ஒரு ஆளா.

தம்பி வியாழக்கிழமை வரைக்கும் புதிய புதிய படங்களை அனுப்பிக்கொண்டே இருந்தார். மேடம் ஒன்றையும் திறக்கவில்லை. வெள்ளிக்கிழமை மத்தியானம் வேலைக்கு நடுவில் கிளம்பி, ஹோட்டலுக்கு மூன்று தெரு தள்ளி இருந்த பெரிய கடைக்குப் போனார். உள்ளே பாட்டு அதிர்ந்துகொண்டிருந்தது. சுவரில் டிவிக்கள், நடுவில் வரிசையாக லேப்டாப்கள், ஒவ்வொன்றின் நெஞ்சிலும் நாலு ஸ்டிக்கர். டை கட்டிய விற்பனையாளர் ஒருவர் ஓடிவந்து ஸ்டிக்கர்களைப் படித்துக்காட்ட ஆரம்பித்தார்.

"இந்தாப்பா, எனக்குப் படிக்கத் தெரியும். மூடு," என்றார் மேடம். மூடியதும் ஒவ்வொரு லேப்டாப்பாக எடுத்து உள்ளங்கையில் வைத்துக் கனம் பார்த்தார்.

தம்பி சொன்ன மெலிசு ரகம் அங்கே மூன்று இருந்தது. ஒன்றைத் தூக்கியதும் மேடத்துக்கு முகம் கோணிப்போனது. மூன்று தடவை துவைத்தால் தலைமாட்டில் கிழிகிற ஏமாற்றுத் துணி வகை. அதைக் கீழே வைத்துவிட்டு, ஓரத்தில் கறுப்பாக, தடியாக, சிவப்பு விளக்கு எரிய உட்கார்ந்திருந்த ஒன்றைத் தூக்கினார். இரண்டு கையும் வேண்டியிருந்தது. திருப்தியாக இருந்தது. காட்சிக்கு வைத்த பீஸ் என்பதால் விலையைக் குறைத்திருந்தார்கள், அவருடைய கணக்குக்குள் அடங்கியது.

"மேடம், அது கேமிங் லேப்டாப்."

"நானும் கேம் ஆடத்தான் வந்திருக்கேன்."

விற்பனையாளர் அவரை மேலும் கீழும் பார்த்தார். மேடம் கைப்பையிலிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்து, அதில் இருந்த பெயரையும் பாஸ்வேர்டையும் போட்டு, கடையிலேயே தோட்டத்தைத் திறந்தார். நனைத்து முறுக்காமல் ஒரு துணியையும் வாங்கியதில்லை, இதை மட்டும் வாங்குவாரா. ஒரு மணி நேரம் நின்றபடியே களை பறித்தார். மாட்டுக்குத் தண்ணீர் காட்டினார். வாய்க்காலில் மட்டும் கை வைக்கவில்லை, அது மகளோடு சேர்ந்து வெட்ட வேண்டியது. சுற்றி நாலைந்து பேர் கூடி வேடிக்கை பார்த்தார்கள். மேடம் அவர்களை ஈயைப் போல ஒதுக்கினார். மூடியை ஒரு விரலால் திறந்து மூடிக் கீல் பார்த்தார். கடைசியில் பின்பக்கம் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். சூடான காற்று பீய்ச்சியடித்தது. சூட்டை வெளியே தள்ளாத டிரையர்தான் ஒருநாள் பற்றி எரியும், நன்றாகத் தள்ளுகிற டிரையர் பதினைந்து வருடம் உழைக்கும். இதைத்தான் தேடினேன் என்று அவர் மனசுக்குள் சொல்லிக்கொண்டார். விற்பனையாளர் தன் காதைத் தொட்டுக் காட்டி என்னவோ சொன்னார். மேடம் "சரி, சரி" என்று பில் போடச் சொன்னார்.

சனிக்கிழமை மத்தியானம் தம்பி வந்து பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தார்.

"அக்கா, இந்த ரகம் மட்டும் வேண்டவே வேண்டாம்னு சொன்னேனே."

"நீ எப்பச் சொன்ன?"

"அன்னிக்கு, உங்கிட்ட உக்காந்து. நீயும் சரி சரின்னு தலையாட்டினியே."

"உன் வாய்லேர்ந்து அப்படி ஒரு வார்த்தையே வரல. இப்ப வந்து கதை கட்டாத."

தம்பி சண்டை போடத் திராணி இல்லாத ஆள், உட்கார்ந்து எல்லாவற்றையும் பூட்டிக்கொடுத்தார். பழைய ஹெட்செட்டுக்கு இரண்டு பின், புது லேப்டாப்பில் ஓர் ஓட்டைதான் இருந்தது. "கேக்கிறதுக்கு உள்ளதை மட்டும் சொருகிக்க. நீ பேசுறதை லேப்டாப்பே எடுத்துக்கும்," என்றார். தோட்டத்தைத் திறந்து ஐந்து நிமிடம் ஆனதும் அவர் குரலை உயர்த்திப் பேச ஆரம்பித்தார். ஏன் கத்துகிறாய் என்று மேடம் அதட்டினார். தம்பி செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

நாலு அடிக்க இரண்டு நிமிடம் இருக்கும்போதே மேடம் தன் பொம்மையைக் கிணற்றடியில் கொண்டுபோய் நிறுத்தினார். மகளின் பொம்மை வேலியைத் தாண்டி வந்தது. காதுக்குள் குரல் கேட்டது. மேடத்துக்கு உடம்பே லேசாகிப்போனது.

"வந்துட்டியா," என்றார்.

"அம்மா, நீ எங்க இருக்க?"

"கிணத்தடியில. கண்ணு தெரியலயா?"

"கேம்ல இல்ல. நிஜமா எங்க இருக்க?"

"வீட்டுலதான்."

"பொய் சொல்லாதம்மா. டிரையர் சத்தம் கேக்குது. லாண்டரியில வேலையைப் பாத்துக்கிட்டே எங்கூட ஆடலாம்னு உக்காந்திருக்க."

"எனக்கு இன்னிக்கு லீவு. வீட்டுல, என் கட்டில்ல உக்காந்திருக்கேன்."

"நான் ஸ்கூல்லேர்ந்து போன் பண்ணினாலும் பின்னாடி இந்தச் சத்தம்தான். காலேஜ்லேர்ந்து பண்ணினாலும் இதுதான். எனக்கு உன் குரலைவிட இதுதான் நல்லா ஞாபகம் இருக்கு. இந்த ஒரு மணி நேரம் மட்டும்தான் இல்லாம இருந்துச்சு. இதுக்கும் கொண்டாந்துட்டியா?"

மேடம் ஹெட்செட்டைக் கழற்றினார். அறையைச் சுற்றிப் பார்த்தார். ஜன்னல் மூடியிருந்தது, மின்விசிறி ஓடவில்லை, அவரைப் பொறுத்தவரை வீடு நிசப்தமாக இருந்தது. மறுபடி மாட்டிக்கொண்டு, "இங்க ஒரு சத்தமும் இல்ல. உன் காதுல கோளாறு," என்றார்.

"புது லேப்டாப்பா?"

"ஆமா. நானே பாத்து வாங்கினேன்."

"அதுலேர்ந்துதான் வருது. ஃபேன். எனக்கே காதைக் கிழிக்குதும்மா. உனக்குப் பக்கத்துல இருக்கு. உனக்குக் கேக்கலையா?"

மேடம் லேப்டாப்பின் பின்னால் கையை வைத்தார். காற்று பீய்ச்சியடித்துக்கொண்டுதான் இருந்தது. ஹெட்செட்டை ஒரு பக்கம் விலக்கி, குனிந்து காதைக் கொண்டுபோய் வைத்தார். தலைமுடி பறந்தது. காதில் ஒன்றும் விழவில்லை. தம்பி எதற்குக் கத்தினார் என்பது அப்போதுதான் புரிந்தது. கடையில் அந்த விற்பனையாளர் எதற்குக் காதைத் தொட்டார் என்பதும்.

வாயில் வழக்கமான பதில்கள் தயாராக இருந்தன. நீங்கள் எல்லாரும் முணுமுணுக்கிறீர்கள், உனக்கு எப்போதும் என்னைக் குற்றம் சொல்லணும், எந்த அம்மாவுக்கும் உன்னை மாதிரி ஒரு மகள் வாய்க்கக் கூடாது. போன மாதம்தான் மணி அடித்தது காதில் விழாமல் நின்ற ஒரு இஸ்திரிக்காரரைச் செவிட்டு முண்டம் என்று எல்லார் முன்னாலும் சொல்லி, குடோனுக்கு மாற்றியிருந்தார். அந்தக் குடோனில் தன்னையும் கொண்டுபோய் நிறுத்துவார்கள் என்ற நினைப்பில்தான் மூன்று வருடமாக ஹோட்டல் டாக்டரின் காது பரிசோதனைக்குப் போகாமல் டபாய்த்துக்கொண்டிருந்தார். தன்னிடமே ஒப்புக்கொள்ளாத விஷயம் அது. இந்த விநாடி ஒரு பொய்யைச் சொன்னால் மகள் வேலியைத் தாண்டிப் போய்விடுவாள், அதற்கப்புறம் வர மாட்டாள்.

"கேக்கல," என்றார் மேடம்.

பொம்மை இரண்டும் கிணற்றடியில் சும்மா நின்றன.

"எவ்வளவு நாளா?"

"தெரியல. ரொம்ப நாளா."

"அம்மா, நான் கல்யாணத்துக்குச் சொல்ல போன் பண்ணினப்ப நீ எங்க இருந்த?"

மேடம் யோசித்தார். யோசிக்க ஒன்றும் இல்லை. அந்த வருடங்களில் அவர் வேறு எங்கேயும் இருந்ததில்லை. போன் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இருந்திருக்கும், கையில் ஈர விரிப்பு இருந்திருக்கும், நான்கு டிரையரும் ஓடியிருக்கும்.

"டிரையர்கிட்ட."

"நான் சொன்னதுல ஒரு வார்த்தையாவது விழுந்துச்சா?"

"விழல. எல்லாருக்கும் சொல்றதைத்தான் உனக்கும் சொல்லியிருப்பேன்."

"சரி, சரி, அப்படியே செய்னு சொன்ன. பத்து மணிக்கு ரெஜிஸ்டர் ஆஃபீஸ் வாசல்ல நிப்பேன், நீ வந்தப்புறம்தான் கையெழுத்து போடுவேன்னு சொன்னேன்மா. நீ சரின்னு சொன்ன. அவர் வீட்டு ஆளுங்க எல்லாம் உள்ள உக்காந்திருக்காங்க. நான் மட்டும் வாசல்ல நின்னுக்கிட்டு, வந்துருவாங்க, சொன்னா வந்துருவாங்கன்னு சொல்லிக்கிட்டே இருந்தேன்."

"எவ்வளவு நேரம் நின்ன?"

"மூடப்போறோம்னு அவங்க வந்து சொல்ற வரைக்கும்."

ஆறு வருடமாகப் பொய்க்காரி, பெற்றவளை மதிக்காதவள் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்த வாய் அவருடையது. திட்டுவதற்கு மேனேஜர் இல்லை, தம்பி இல்லை, அந்த ஆளும் இல்லை. மேடம் அழுதார். அழுகிற சத்தமும் அவருக்குக் கேட்கவில்லை. மகளுக்குக் கேட்டது.

"கேக்கலன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் திரும்பச் சொல்லியிருப்பேனேம்மா," என்றாள்.

மேடம் இரண்டு கையாலும் ஹெட்செட்டைக் காதோடு அழுத்திப் பிடித்தார்.

"இப்பச் சொல்லு. என்னிக்கு, எங்க, எத்தனை மணிக்கு, எல்லாம் முதல்லேர்ந்து சொல்லு. கேக்கலன்னா கேக்கலன்னு சொல்றேன்."